வில்லன் சொல்வதை முழுதாகக் கேளுங்கள்: சூப்பர்ஹீரோ படங்களில் வர்க்கத்தையும் அரசியலையும் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நியூயார்க் நகரம் இடிந்து கிடக்கிறது. வேற்றுக்கிரகப் படையை விரட்டிவிட்டு அவெஞ்சர்கள் என்ற சூப்பர்ஹீரோ கூட்டம் போய்விட்டது. இடிபாட்டை அள்ளும் வேலைக்கு நகரத்திடம் காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறார் ஏட்ரியன் டூம்ஸ். புதிதாக லாரிகள் வாங்கி, ஆள் சேர்த்து, வேலையும் ஆரம்பித்துவிட்டார். அப்போது அதிகாரிகள் வருகிறார்கள். இனி இந்த வேலை எங்களுடையது, நீங்கள் கிளம்பலாம் என்கிறார்கள். என்னை நம்பி வந்தவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது, என் வீடே போய்விடும் என்று டூம்ஸ் மன்றாடுகிறார். அகலக்கால் வைத்தது உங்கள் தப்பு என்ற பொருளில் பதில் வருகிறது. வேலையைப் பிடுங்கிய புதிய துறை, அவெஞ்சர்களில் ஒருவரான, அயர்ன் மேன் என்ற டோனி ஸ்டார்க்கின் கம்பெனியும் அமெரிக்க அரசும் கூட்டாக நடத்துவது. ஊர் இடியக் காரணமானவர்களுக்கே அதை அள்ளுவதற்கும் காசு.

2017-ல் வந்த 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' இப்படித்தான் தொடங்குகிறது. முதல் தடவை பார்த்தபோது இந்தக் காட்சி என் மனதில் நிற்கவே இல்லை. ஸ்பைடர்மேன் எப்போது வருவான் என்று காத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவை பார்த்தபோதுதான், வில்லன் என்று நான் ஒதுக்கிவைத்த மனிதர் பிழைப்பைப் பறிகொடுத்த ஒரு சின்ன காண்ட்ராக்டர் என்பது உறைத்தது. அதன் பிறகு இந்த வகைப் படங்களைப் பார்க்க எனக்கென்று ஒரு முறை உருவானது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முறையின் மையம் இதுதான்: வில்லனின் நியாயமான குறை எந்த நிமிடத்தில் மன்னிக்க முடியாத குற்றமாக மாறுகிறது என்று பாருங்கள். படத்தின் அரசியல் பெரும்பாலும் அந்த மூட்டில்தான் ஒளிந்திருக்கும். மற்ற படிகளெல்லாம் அந்த இடத்துக்குப் போகும் வழிகள்.

தொடங்குவதற்கு முன்

ஒரு படத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை பேனா, நோட்டு எதுவும் வேண்டாம். சண்டையை ரசியுங்கள், கைதட்டுங்கள். படம் நம்மை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்பது சாய்ந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டாம் தடவை நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பயிற்சிக்கு 'ஹோம்கமிங்' நல்ல தேர்வு. அதில் வர்க்கம் மேற்பரப்பிலேயே கிடக்கிறது, தோண்ட வேண்டியதில்லை.

படி 1: ஹீரோ பிறந்த வருஷத்தைக் கண்டுபிடியுங்கள்

திரையில் வரும் ஹீரோக்களில் பலர் நம் தாத்தா காலத்து ஆட்கள். எந்தக் கவலையிலிருந்து பிறந்தார்கள் என்று தெரிந்தால், இன்றைய படம் அவர்களை எவ்வளவு தூரம் நகர்த்தியிருக்கிறது என்பது தெரியும்.

சூப்பர்மேனை எடுத்துக்கொள்வோம். கிளீவ்லாந்தில் வாழ்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கிய பாத்திரம். இருவரும் புலம்பெயர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். 1938-ல், அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்திலிருந்து இன்னும் முழுதாக மீளாத காலத்தில், 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் வந்தான். அந்த முதல் கதையில் அவன் மனைவியை அடிக்கும் ஒருவனைப் பிடிக்கிறான், வாஷிங்டன் அரசியல்வாதி ஒருவர் பின்னால் போகிறான். மூன்றாவது இதழில் அவனுடைய எதிரி ஒரு சுரங்க முதலாளி. பாதுகாப்பில்லாத சுரங்கத்தில் ஒரு தொழிலாளி சிக்கி ஊனமாகிறார், முதலாளி கண்டுகொள்ளவில்லை. சூப்பர்மேன் சுரங்கத் தொழிலாளி வேஷத்தில் போய், விருந்தில் இருக்கும் முதலாளியையும் அவருடைய பணக்கார நண்பர்களையும் அதே சுரங்கத்துக்குள் இறக்கி, வழியை அடைத்துவிடுகிறான். எச்சரிக்கை மணி வேலை செய்யாது என்பதை முதலாளி அங்கேதான் அனுபவத்தில் தெரிந்துகொள்கிறார். எட்டாவது இதழில் இன்னும் ஒரு படி மேலே போகிறான். சேரியில் வளரும் பையன்கள் குற்றத்துக்குப் போவதற்குக் காரணம் அந்த வீடுகள்தான் என்று முடிவுசெய்து, பாழடைந்த கட்டடங்களை இடித்துத் தள்ளுகிறான். இடிந்தால் அரசாங்கம் நல்ல வீடு கட்டித்தர வேண்டியிருக்கும் என்பது அவன் கணக்கு.

இந்தச் சூப்பர்மேனை நான் சினிமாவில் பார்த்ததே இல்லை. திரையில் வந்தவன் விமானத்தைத் தாங்குகிறான், அணையைத் தடுக்கிறான், சக கிரகவாசியோடு மோதுகிறான். எந்த முதலாளியையும் சுரங்கத்தில் இறக்குவதில்லை.

இடையில் நடந்த முக்கியமான விஷயம் ஒன்று: 1954-ல் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித் தொகுப்பை ஏற்றுக்கொண்டார்கள். போலீஸ், நீதிபதி, அரசு அதிகாரி, மதிப்புக்குரிய நிறுவனங்கள் ஆகியோர் மீது மரியாதை குறையும்படி எதையும் காட்டக்கூடாது என்பது அதில் ஒரு விதி. அந்த விதியின் கீழ் பல பத்தாண்டுகள் கதைகள் எழுதப்பட்டன. பழக்கம் என்பது லேசில் போகாது.

படி 2: வாடகை யார் கட்டுகிறார்கள்?

நோட்டில் எழுத வேண்டிய முதல் கேள்வி இது. ஹீரோவுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

பேட்மேனான புரூஸ் வெய்னுக்குப் பரம்பரைச் சொத்து. டோனி ஸ்டார்க்குக்கு அப்பா விட்டுப்போன ஆயுதக் கம்பெனி. இவர்களுக்குப் பணமே ஒரு சக்தி, ஆனால் படம் அதைச் சக்தி என்று சொல்லாது. உழைப்பு, மூளை, மன உறுதி என்று சொல்லும். ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் வேறு வகை. 2004-ல் வந்த 'ஸ்பைடர்மேன் 2' படத்தின் முதல் பாதியை மட்டும் தனியாகப் பாருங்கள். பீட்சா டெலிவரிக்கு நேரமாகிவிட்டதால் அவனுக்கு வேலை போகிறது. வீட்டுக்காரர் வாடகைக்கு வாசலில் நிற்கிறார். மே அத்தை பேங்கில் கடன் கேட்கப் போய், கிடைக்காமல் திரும்புகிறார். உலகத்தைக் காப்பாற்றுகிறவனுக்கு அடுத்த மாத வாடகை இல்லை என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய சூப்பர்ஹீரோ படம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இருபது வருஷம் ஆகியும் அந்தப் படம் பலர் மனசுக்கு நெருக்கமாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்புறம் 'ஹோம்கமிங்'குக்கு வந்தால், அதே ஏழைப் பையனுக்கு ஸ்டார்க் பல கோடி மதிப்புள்ள உடையைக் கொடுக்கிறார், பிறகு பிடுங்கிக்கொள்கிறார், கடைசியில் திருப்பித் தருகிறார். வேலை தேடும் பையனுக்கும் முதலாளிக்கும் நடுவே உள்ள உறவு இது. தகுதி இருக்கிறதா என்று தீர்மானிப்பவர் எப்போதும் உடையின் சொந்தக்காரர்தான்.

படி 3: குறையையும் முறிவையும் தனித்தனியாக எழுதுங்கள்

இதுதான் பெரிய படி. நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

பக்கத்தின் இடதுபுறம் வில்லனின் குறையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அவன் பெயரை, முகமூடியை, கொலைகளை எழுத வேண்டாம். வலதுபுறம், அவன் மேல் நமக்கிருந்த அனுதாபம் அறுந்த காட்சியை எழுதுங்கள். பிறகு ஒரு கேள்வி: வலதுபுறம் இருப்பது இடதுபுறத்திலிருந்து இயல்பாக வளர்ந்ததா, அல்லது நம்மைத் திருப்புவதற்காக ஒட்டவைத்ததா?

டூம்ஸிடமிருந்தே ஆரம்பிக்கலாம். இடதுபுறம்: "பெரிய கம்பெனியும் அரசும் சேர்ந்து என் பிழைப்பைப் பறித்துவிட்டார்கள்." வலதுபுறம்: அவர் வேற்றுக்கிரக ஆயுதங்களைக் குற்றவாளிகளுக்கு விற்கிறார், மிரட்டிய கூட்டாளியைக் கொல்கிறார். ஆனால் அந்தக் கொலை கைதவறி நடக்கிறது, வேறு கருவி என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார். அவரைக் கொடூரனாக்கப் படத்துக்கே தயக்கம் இருக்கிறது.

இதைவிட முக்கியமான இடம் கிடங்குக் காட்சி. பணக்காரர்கள் நினைத்ததைச் செய்வார்கள், நாம் அவர்களுக்குப் பின்னால் குப்பை அள்ளிக்கொண்டு அவர்கள் மிச்சத்தைச் சாப்பிட வேண்டியதுதான் என்று பீட்டரிடம் டூம்ஸ் பேசுகிறார். ஸ்டார்க் அந்தக் கோபுரத்தை எந்தக் காசில் கட்டினார் என்று நினைக்கிறாய் என்றும் கேட்கிறார். ஆயுதம் விற்ற காசுதான், பீட்டரிடம் பதில் இல்லை. அடுத்த நொடி, டூம்ஸின் இயந்திர இறக்கை பறந்து வந்து தூண்களை உடைக்கிறது. பேச்சு முழுவதும் நேரம் கடத்தும் தந்திரம் என்றாகிவிடுகிறது. அந்தப் பேச்சில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. தந்திரத்துக்குப் பயன்பட்டதால் நாம் அதை மறந்துவிடுகிறோம். மேல்தளம் இடிந்து விழும்போது அந்தக் கேள்வியும் அதற்கடியில் போய்விடுகிறது. இந்த ஒரு நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். குறையை எப்படி அமுக்குவது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

அடுத்து 'தி டார்க் நைட் ரைசஸ்', 2012. பேட்மேனின் எதிரியான பேன் பங்குச் சந்தையைத் தாக்குகிறான். நகரத்தைச் சிறைபிடித்து, சிறைச்சாலை வாசலில் நின்று, ஊரைப் பணக்காரர்களிடமிருந்து எடுத்து உங்களிடம் தருகிறேன் என்று மக்களிடம் பேசுகிறான். மாளிகைகள் சூறையாடப்படுகின்றன. தீர்ப்பு முன்பே எழுதப்பட்ட ஒரு நீதிமன்றம் நடக்கிறது. பிறகு தெரிகிறது, பேனுக்கும் அவனை இயக்கும் டாலியாவுக்கும் ஏழைகள் மேல் எந்த அக்கறையும் இல்லை, அணுகுண்டு வைத்து நகரத்தையே அழிப்பதுதான் திட்டம் என்று. அதாவது குறை வில்லனுடையதே அல்ல, அவன் இரவல் வாங்கியது. இங்கே படம் குறைக்கு ஒரு பதிலும் சொல்லத் தேவையில்லாமல் போகிறது. கேட்டவன் பொய்யன் என்றால் கேள்வியும் பொய் என்று நாமே முடிவுகட்டிக்கொள்கிறோம். உண்மையாகக் கேட்ட ஒருத்தி அந்தப் படத்தில் இருக்கிறாள், செலினா கைல். புயல் வரப்போகிறது, இவ்வளவு பேருக்கு இவ்வளவு கொஞ்சம் விட்டுவிட்டு இத்தனை பெரிதாக எப்படி வாழ்ந்தோம் என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும் என்று வெய்னிடம் அவள் சொல்வது படத்தின் மிகக் கூர்மையான வரி. சூறையாடப்பட்ட வீட்டைப் பார்த்து அவளே மனம் மாறும்படி எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவது உதாரணம்தான் எனக்கு மிகப் பிடித்ததும் என்னை மிகவும் வருத்தியதும்: 'பிளாக் பாந்தர்', 2018, இயக்கம் ரையன் கூக்ளர். வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டைச் சுற்றிய கதை. அதன் வில்லன் கில்மாங்கரின் குறை: "உலகெங்கும் கறுப்பின மக்கள் ஒடுக்கப்பட்டபோது, எல்லா வளமும் இருந்த வகாண்டா ஒளிந்துகொண்டிருந்தது." இதற்கு ஆதாரம் அவன் வாழ்க்கையே. 1992-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் வகாண்டா அரசர் தன் தம்பியைக் கொன்றுவிட்டு, தம்பி மகனான கில்மாங்கரை அநாதையாக விட்டுப் போகிறார். ஊர் ஓக்லாந்தாக இருப்பது தற்செயல் அல்ல. கூக்ளர் பிறந்த ஊர் அது. கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சி 1966 அக்டோபரில் தொடங்கப்பட்டதும் அங்கேதான். காமிக்ஸ் பாத்திரம் அதே வருஷம் சில மாதங்கள் முன்னதாகவே வந்துவிட்டது, ஆகவே ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்குப் பெயர் வைத்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள்.

இப்போது வலதுபுறம். கில்மாங்கர் தன் காதலியை யோசிக்காமல் சுட்டுவிடுகிறான். மூலிகைத் தோட்டத்தை எரிக்கச் சொல்லி, ஒரு வயதான பெண்ணின் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறான். இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் அவன் வாதத்தில் என்ன மாறுகிறது? ஒன்றும் மாறவில்லை. நம் மனசு மட்டும் மாறுகிறது. இதை ஒட்டவைத்த முறிவு என்பேன். ஆனால் படம் அதோடு நிற்கவில்லை என்பதுதான் கூக்ளரின் நேர்மை. ஹீரோவும் வகாண்டாவின் புது அரசனுமான டிச்சாலா தன் முன்னோர்களின் முகத்துக்கு நேரே, நீங்கள் எல்லோரும் தவறு செய்தீர்கள் என்கிறான். வில்லனின் குறை ஹீரோவின் குறையாகிறது. சாகும்போது கில்மாங்கர், அடிமைத்தளையைவிடச் சாவு மேல் என்று கப்பலிலிருந்து குதித்த முன்னோர்களோடு என்னைக் கடலில் புதையுங்கள் என்று கேட்கிறான். தியேட்டரில் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

'அவெஞ்சர்ஸ்' படங்களின் வில்லன் தானோஸைப் பற்றி ஒரு பத்தி போதும். வளம் குறைவு, உயிர்கள் அதிகம், பாதியை அழித்தால் மீதி நன்றாக வாழும் என்பது 1798-ல் பொருளாதார அறிஞர் மால்தஸ் எழுதிய மக்கள்தொகை வாதத்தின் வழிவந்த சிந்தனை. எல்லா ஹீரோக்களும் அவனை அடிக்கிறார்கள். வளத்தை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்று ஒருவரும் அவனைக் கேட்பதில்லை.

படி 4: கூட்டத்தைப் பாருங்கள்

ஹீரோவை மறைத்துவிட்டு, பின்னால் நிற்கும் சாதாரண மக்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ஓடுகிறார்களா, வேடிக்கை பார்க்கிறார்களா, முடிவெடுக்கிறார்களா?

'ஸ்பைடர்மேன் 2'-ல் மயங்கி விழும் பீட்டரை ரயில் பயணிகள் தலைக்கு மேல் தூக்கிக் கிடத்துகிறார்கள், வில்லன் வந்ததும் குறுக்கே நிற்கிறார்கள். 2008-ன் 'தி டார்க் நைட்'டில் இரண்டு படகுகளில் இருப்பவர்கள், மற்றப் படகை வெடிக்கவைக்க வில்லன் ஜோக்கர் கொடுத்த பொத்தானை அழுத்த மறுக்கிறார்கள். இரண்டிலும் மக்கள் மேல் படத்துக்கு நம்பிக்கை இருக்கிறது. 'ரைசஸ்'ஸில் அந்த மக்கள் காணாமல் போகிறார்கள். மாதக்கணக்கில் சிறைபட்ட நகரத்தில் சாதாரணக் குடும்பங்கள் என்ன சாப்பிட்டன, ஒருவருக்கொருவர் எப்படி உதவின என்று படம் கிட்டத்தட்டக் காட்டவே இல்லை. பூமிக்கடியில் சிக்கியிருந்த போலீஸ்காரர்கள் வெளியே வந்து அணிவகுத்துத்தான் நகரம் மீள்கிறது.

2019-ன் 'ஜோக்கர்' நேரெதிர்த் திசையில் தவறுகிறது என்பது என் கருத்து. பின்னால் ஜோக்கராக மாறும் ஆர்தர் ஃபிளெக்குக்கு மனநல ஆலோசனையும் மருந்தும் கிடைத்துவந்த அரசுத் திட்டம், நிதி வெட்டப்பட்டதால் மூடப்படுகிறது. வர்க்கத்தின் வலியை அந்த ஒரு காட்சி அழுத்தமாகச் சொல்கிறது. ஆனால் கோபப்படும் மக்கள் கடைசிவரை முகமூடிக் கூட்டமாகவே இருக்கிறார்கள், ஒருவருக்குக்கூடப் பெயர் இல்லை. திரைக்கு வெளியே நடந்தது வேறு. அந்த வருஷக் கடைசியில் லெபனானிலும் சிலியிலும் ஹாங்காங்கிலும் தெருவில் இறங்கிய சிலர் அந்த ஒப்பனையோடு வந்தார்கள்.

படி 5: அரசும் ராணுவமும் எங்கே நிற்கின்றன?

அமெரிக்கப் படங்களில் ராணுவ விமானம், கப்பல், தளம் வந்தால் அதற்குப் பின்னால் ஒரு நடைமுறை இருக்கலாம். தளவாடங்களைத் தந்து உதவும் பென்டகன், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, பதிலுக்குத் திரைக்கதையைப் படித்துத் திருத்தம் கேட்கும். 2008-ன் 'அயர்ன் மேன்', 2019-ன் 'கேப்டன் மார்வெல்' இரண்டும் அப்படி ஒத்துழைப்புப் பெற்றவை. 2012-ன் 'தி அவெஞ்சர்ஸ்' விஷயத்தில் பென்டகன் விலகிக்கொண்டது. ஷீல்ட் என்ற கற்பனை அமைப்பு யாருக்குக் கட்டுப்பட்டது, அமெரிக்க ராணுவம் அதன்கீழ் வருமா என்பது தெளிவாக இல்லை என்பதுதான் காரணம். ஒரு கற்பனை அமைப்பின் அதிகார வரிசைகூட அவர்களுக்கு அவ்வளவு முக்கியம்.

இந்தப் படியில் கேட்க வேண்டியது: அரசு தவறு செய்யும்போது, தவறு அமைப்பினுடையதா, உள்ளே புகுந்த கெட்டவர்களுடையதா? 2014-ன் 'கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்' இரண்டையும் சொல்கிறது. எல்லோரையும் கண்காணித்து முன்கூட்டியே கொல்லும் திட்டத்துக்குக் காரணம், ஷீல்டுக்குள் ரகசியமாக ஊடுருவிய ஹைட்ரா என்ற தீய அமைப்பு. அது வசதியான பதில். ஆனால் ஷீல்டையும் சேர்த்தே கலைக்க வேண்டும் என்று கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவ் ராஜர்ஸ் பிடிவாதமாக நிற்கிறான், கலைத்தும் விடுகிறார்கள். 'தி டார்க் நைட்'டில் பேட்மேன் ஊரிலுள்ள எல்லா போன்களையும் ஒட்டுக்கேட்கிறான், வேலை முடிந்ததும் கருவி அழிக்கப்படுகிறது. நல்லவன் கையில், ஒரே ஒரு தடவை என்றால் பரவாயில்லை என்பது அதன் நிலைப்பாடு. அந்தப் படம் வெளியான அதே 2008 ஜூலையில்தான் அமெரிக்காவில் ஒட்டுக்கேட்பு அதிகாரத்தை விரிவாக்கிய சட்டத் திருத்தம் கையெழுத்தானது.

'பிளாக் பாந்தர்' மேல் எனக்கிருக்கும் பெரிய வருத்தமும் இங்கேதான். ஆப்பிரிக்க நாடொன்றைக் காக்க உதவும் நல்ல நண்பராக ஒரு சிஐஏ அதிகாரி வருகிறார். காங்கோவின் முதல் பிரதமர் பாட்ரிஸ் லுமும்பாவை விஷம் வைத்துக் கொல்ல சிஐஏ திட்டமிட்டதை 1975-ல் அமெரிக்க செனட் குழுவே பதிவுசெய்திருக்கிறது. அது தெரிந்தவர்களுக்கு அந்தப் பாத்திரத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

படி 6: கடைசிப் பத்து நிமிடத்தில் எது மாறியது?

முதல் காட்சியையும் கடைசிக் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'ஹோம்கமிங்'கில் டூம்ஸ் சிறையில், ஸ்டார்க் பத்திரிகையாளர்கள் முன்னால். காண்ட்ராக்டைப் பிடுங்கிய துறைக்கு எதுவும் ஆகவில்லை. 'ரைசஸ்'ஸில் வெய்ன் மாளிகை அநாதைக் குழந்தைகள் இல்லமாகிறது. நல்ல காரியம்தான், ஆனால் அது ஒரு பணக்காரரின் கொடை. யாரும் உரிமையாகக் கேட்டுப் பெற்றதல்ல.

'பிளாக் பாந்தர்' முடிவில் டிச்சாலா, ஓக்லாந்தில் தன் சித்தப்பா கொல்லப்பட்ட கட்டடத்தையே வாங்கி உதவி மையம் ஆக்குகிறான். இதைத் தொண்டு நிறுவன முடிவு என்று குறைசொல்பவர்கள் உண்டு. நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். அதே ஓக்லாந்தில் நிஜமான பிளாக் பாந்தர் கட்சி 1969-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அதை அந்தப் பகுதி மக்களே நடத்தினார்கள். படத்தில் அரசர் மேலிருந்து இறங்கி வந்து தருகிறார். மையம் ஒன்றுதான், அது யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

அடிக்கடி நடக்கும் ஒரு தவறு

திரையில் பார்த்ததையெல்லாம் அன்றைய செய்தியோடு முடிச்சுப்போட வேண்டாம். 'ரைசஸ்' படம், நியூயார்க்கில் பணக்காரர்களின் ஆதிக்கத்தை எதிர்த்து நடந்த வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டத்துக்குப் பதில் என்று பலர் எழுதினார்கள். அந்தப் போராட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 17. படப்பிடிப்பு அதே வருஷம் மே மாதமே ஆரம்பித்துவிட்டது. படத்தின் வேர் டிக்கன்ஸின் பிரெஞ்சுப் புரட்சி நாவலில் இருக்கிறது. முடிவில் போலீஸ் கமிஷனர் கார்டன் வாசிப்பதும் அதிலிருந்துதான். தேதியைச் சரிபார்த்துவிட்டு எழுதினால் வாதம் இன்னும் வலுக்கும்: போராட்டம் வருவதற்கு முன்பே, ஏழைகள் எழுச்சி என்றால் சூறையாடல் என்ற பயம் அந்தக் கதையில் தயாராக இருந்தது.

படி 7: நம் படத்தில் செய்துபாருங்கள்

2023-ல் மடோன் அஸ்வின் இயக்கிய 'மாவீரன்' இந்தப் பயிற்சிக்குப் பொருத்தமானது. சென்னையில் ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து அடுக்குமாடிக்கு மாற்றப்படும் மக்கள், தொட்டால் உதிரும் சுவர்கள், பயந்தாங்கொள்ளியான ஒரு படக்கதை ஓவியன், அவன் காதில் மட்டும் கேட்கும் ஒரு குரல். கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு இது கற்பனைக் கதையாகவே தோன்றாது. படி 3-ஐ இதில் போட்டால் பக்கம் தலைகீழாகிறது. நியாயமான குறை இங்கே வில்லனிடம் இல்லை, ஹீரோவின் அம்மாவிடம் இருக்கிறது. மகன் அனுசரித்துப் போகலாம் என்கிறான், அவர் சண்டைக்கு நிற்கிறார். படி 4-ஐயும் போட்டு, குரல் ஏன் மகன் காதில் மட்டும் கேட்கிறது, அம்மாவுக்கு ஏன் அது தேவைப்படவில்லை என்று யோசித்துப் பாருங்கள்.

படி 8: பெயர்கள் ஓடும்வரை எழுந்திருக்காதீர்கள்

படம் முடிந்து ஓடும் நூற்றுக்கணக்கான பெயர்களும் வர்க்கத்தின் கதைதான். 2023 செப்டம்பரில் மார்வெல் ஸ்டுடியோஸின் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஊழியர்கள் வாக்கெடுப்பு நடத்தி, ஒருவர்கூட எதிர்க்காமல், சங்கத்தில் சேர முடிவெடுத்தார்கள். அதே மாதத்தில் ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள்.

சீகலும் ஷூஸ்டரும் 1938-ல் சூப்பர்மேனின் முழு உரிமையையும் விற்றது 130 டாலருக்கு. வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள், வேலையையும் இழந்தார்கள். 1970-களில் பெரிய பட்ஜெட்டில் சூப்பர்மேன் படம் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது இருவரும் அறுபதைத் தாண்டியிருந்தார்கள். ஷூஸ்டருக்குப் பார்வை மங்கிவிட்டிருந்தது. சீகல் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார், ஓவியர்கள் துணைக்கு வந்தார்கள். 1975 டிசம்பரில் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் ஓய்வூதியமும், உருவாக்கியவர்கள் என்ற பெயரும் தர நிறுவனம் ஒத்துக்கொண்டது. 1978-ல் வெளிவந்த படத்தின் தொடக்கத்தில் அந்த இரண்டு பெயர்களும் பறந்து வருகின்றன.